பெனிற்றோயின் மருந்தளவு: தெரிந்தவர்களிடம் உதவி கேட்கிறேன்

வணக்கம். புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். 2009 இல் தலையில் செல் துண்டு பட்டதிலிருந்து என் அண்ணாவுக்கு வலிப்பு உண்டு. பல ஆண்டுகளாக இரவில் 300 மில்லிகிராம் பெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்து எடுத்து வந்தார். அண்மையில் வலிப்பு மீண்டும் வந்ததால் கிளினிக்கில் அதை 400 ஆக்கினார்கள். வலிப்பு நின்றது. ஆனால் மூன்று கிழமைக்குள் கிணற்றடிக்குப் போகும்போதே தள்ளாடுகிறார். பக்கவாட்டில் பார்த்தால் கண்மணிகள் துடிக்கின்றன.

நான் வாசித்தறிந்தவரை, இம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கு ஓர் எல்லை இருப்பதால், துருசு விடக்கூடியதற்கு மேல் நீர் வரும் குளத்தைப் போல, அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறிவிடும். லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்பதே வழக்கமான இலக்கு. ஆனால் மருந்தில் ஏறத்தாழ 90 வீதம் இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்துடன் பிணைந்திருக்கும் என்பதும், அண்ணாவுக்கு அல்புமின் குறைவு என்பதும்தான் என்னைக் குழப்புகின்றன: மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும், உண்மையில் வேலை செய்யும் பிணையாத பகுதி கூடியிருக்கலாம் அல்லவா?

திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரக்கூடும் என்பதால் நாமாக எதையும் மாற்றவில்லை. நாளை காலையே வைத்தியரிடம் கூட்டிச் செல்கிறோம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பிணையாத பகுதியை அளக்கும் இரத்தப் பரிசோதனை எங்கே செய்யலாம், 100 மில்லிகிராமிலும் சிறிய அளவுக் குளிசை எங்கே கிடைக்கும் என்பதை மருந்தாளர்களோ, இதே நிலையைக் கடந்தவர்களோ தயவுசெய்து தெரிவியுங்கள்.