உபாகமம் 23:3 இருக்க, ரூத் எப்படி? மோவாபியர் பற்றி மூன்று சந்தேகங்கள்

கேள்வி: வாசிப்பு_மேசை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மோவாபியர் வரும் வசனங்களை வரிசையாகப் படித்தால் மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது, உபாகமம் 2:9 மோவாபோடு போர் செய்யாதே, ஆர் பட்டணத்தை லோத்தின் புத்திரருக்குக் கொடுத்தேன் என்கிறது. ஆனால் மேதெபா, தீபோன் எல்லாம் யோசுவா 13-இல் ரூபனுக்குப் போய்விட்டன. ஏசாயா 15-இல் அதே ஊர்கள் மறுபடியும் மோவாபின் ஊர்கள். யாருடைய நிலம் அது?

இரண்டாவது, 2 இராஜாக்கள் 3-இல் ஜெயித்துக்கொண்டே போன இஸ்ரவேல் சேனை திடீரென்று திரும்பிவிடுகிறது. மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டோ இஸ்ரவேல் அழிந்தேபோயிற்று என்கிறதாம். எதைக் கொள்வது?

மூன்றாவது, தலைப்பில் உள்ளதுதான்: உபாகமம் 23:3 மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது, ஆனால் தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாபியப் பெண். தியானச் செய்தி வேண்டாம். வசனமும் ஆதாரமும் போதும்.

பதில் 1: சேரேத்_ஓடை

சகோதரி, முதல் கேள்விக்குப் பதில் வேதாகமத்தின் பின்பக்க வரைபடத்திலேயே இருக்கிறது. சவக்கடலின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே. அதன் கிழக்குக் கரையில் மலைச்சுவர் எழும்பி, மேலே ஏறினால் மேட்டுச் சமவெளி. கோதுமையும் ஆடும் விளங்கும் நிலம். பெத்லகேமில் பஞ்சம் வந்தபோது ரூத்தின் மாமனார் எலிமெலேக்கு அங்கே போனதில் வியப்பில்லை. இந்தச் சமவெளியை அர்னோன் ஆறு பெரும் பள்ளத்தாக்காக இரண்டாக அறுக்கிறது. இன்றைய பெயர் வாடி முஜிப்.

அர்னோனுக்குத் தெற்கே சேரேத் ஓடை வரை மோவாபின் சொந்த நிலம். கிராரேசேத் அங்கேதான், இன்றைய கேரக் என்று பொதுவாக அடையாளம் சொல்வார்கள். அர்னோனுக்கு வடக்கே எஸ்போன் வரை உள்ள மேதெபா, தீபோன், நேபோ பகுதிதான் கைமாறிக்கொண்டே இருந்த நிலம்.

எண்ணாகமம் 21:26-ஐ நிதானமாகப் படியுங்கள். மோவாபின் முந்தின ராஜாவிடமிருந்து அர்னோன் மட்டும் இருந்த நாட்டை எமோரியனான சீகோன் பிடித்துக்கொண்டான். இஸ்ரவேல் எடுத்தது சீகோனிடமிருந்து, மோவாபிடமிருந்து அல்ல. ஆகவே உபாகமம் 2:9 மீறப்படவில்லை. நியாயாதிபதிகள் 11-இல் யெப்தா அம்மோன் ராஜாவுக்குச் சொல்லி அனுப்பும் வாதமும் இதுவே.

ஆனால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. எரிகோவுக்கு எதிரே பாளயமிறங்கிய இடத்துக்கு அப்போதும் ‘மோவாபின் சமனான வெளிகள்’ என்றே பெயர். அதைப் பார்த்து அந்த இடம் அப்போதைய மோவாப் ராஜா பாலாக்கின் ஆட்சியில் இருந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. தன் முன்னோர் இழந்த நிலத்தில் வேறொரு ஜனம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் பாலாக் பயந்து, அவர்களைச் சபிக்கப் பிலேயாமை அழைக்கிறான்.

ரூபன், காத் கோத்திரத்தார் குடியேறிய அந்த நிலம் ஏசாயா காலத்தில் மறுபடி மோவாபுடையதாக இருப்பதற்குக் காரணம் மேசா. அதை அடுத்தவர் சொல்லட்டும்.

பதில் 2: கல்லெழுத்து

சொல்கிறேன். மேசாவின் கல்வெட்டு கறுப்பு பசால்ட் கல், ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரம், 34 வரி. மொழி மோவாபிய மொழி. எபிரெயம் படித்தவர் அதிகச் சிரமமில்லாமல் தொடரலாம். 1868-இல் பிரெடெரிக் கிளைன் என்ற மிஷனரி தீபானில், அதாவது பழைய தீபோனில், இதைப் பார்த்தார். வாங்குவதற்குப் பல நாட்டார் போட்டியிட்ட நிலையில், அங்கிருந்த பெதுவின் மக்கள் கல்லை நெருப்பில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி உடைத்தார்கள். உடைவதற்கு முன் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கானோ எடுக்கச் செய்த காகித அச்சு ஒன்று, ஈரம் காய்வதற்குள் கிழித்தெடுத்தது, இருந்ததால்தான் வாசகம் பிழைத்தது. துண்டுகளை ஒட்டிப் பாரீசின் லூவ்ரில் வைத்திருக்கிறார்கள்.

மேசாவே பேசும் வாசகத்தின் சாரம் இது. இஸ்ரவேல் ராஜா உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், ஏனென்றால் மோவாபின் தேவனான கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்தான். மேதெபா நாட்டில் உம்ரியின் நாளும் அவன் மகனின் நாளில் பாதியும் இஸ்ரவேல் குடியிருந்தது, நாற்பது வருஷம். என் காலத்தில் கேமோஷ் அதைத் திருப்பித் தந்தான். பிறகு அதரோத்தைக் காத் மனிதரிடமிருந்து பிடித்தது, நேபோவில் 7,000 பேரைக் கொன்று அஸ்தார்-கேமோஷுக்குச் சாபத்தீடாக்கியது (தெய்வத்துக்கென்று முழுதும் அழித்தது), அங்கிருந்து யாவேயின் பொருட்களை எடுத்துக் கேமோஷின்முன் வைத்தது. யோசுவா புத்தகத்தில் நாம் படிக்கும் சாபத்தீடு என்ற அதே சொல்தான் கல்லிலும் இருக்கிறது. தேவ கோபத்தால் அந்நியர் ஒடுக்கினார்கள், தேவ தயவால் மீண்டோம் என்ற நியாயாதிபதிகள் புத்தக நடையும் அப்படியே. எனக்கு இந்தக் கல்லில் மிகவும் பெரிய செய்தியே இதுதான்.

வருஷக் கணக்கில் கவனம் தேவை. உம்ரி 12 வருஷம், அவன் மகன் ஆகாப் 22. ஆகாபின் பாதியைக் கூட்டினால் 23-தான், 40 வராது. ‘மகன்’ என்பதைச் சந்ததி என்று எடுத்து ஆகாபின் மகன் யோராமின் பாதி வரை எண்ணினால் 12 + 22 + 2 (அகசியா) + 6 = 42; நாற்பதுக்கு அருகில் வரும், ஆகாப் செத்தபின் கலகம் என்ற 2 இராஜாக்கள் 3:5-க்கும் பொருந்தும். நாற்பது என்பதே ஒரு தலைமுறையைக் குறிக்கும் முழு எண்ணாகவும் இருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டும் ஒரே சண்டையைச் சொல்லவில்லை. கல்லில் தெளிவாக உள்ளது பெரும்பாலும் அர்னோனுக்கு வடக்கே நடந்தது. 2 இராஜாக்கள் 3-இல் இஸ்ரவேல் ராஜா யோராம், யூதா ராஜா யோசபாத், ஏதோம் ராஜா மூவரும் ஏதோம் வனாந்தர வழியாக ஏழு நாள் சுற்றித் தெற்கிலிருந்து வருகிறார்கள். வடக்கு வழி மேசாவின் கோட்டைகளால் அடைபட்டிருந்தால் அந்தச் சுற்றுக்குக் காரணம் புரிகிறது. காற்றும் மழையும் காணாமல் பள்ளத்தாக்கில் தண்ணீர் வந்ததும் அந்த நிலத்தில் நடக்கக்கூடியதே. ஏதோம் மலையில் பெய்தது கீழே வெள்ளமாக வரும்.

கிராரேசேத் முற்றுகையில் 700 பட்டயக்காரரோடு உடைத்து வெளியேற முயன்று முடியாமல், மேசா தன் மூத்த குமாரனை அலங்கத்தின்மேல் தகனபலியிட்டான். சேனை திரும்பிற்று. அதாவது நாட்டைப் பாழாக்கினார்கள், ஆனால் பிடிக்கவில்லை. வருஷத்துக்கு லட்சம் ஆட்டுக்குட்டியும் லட்சம் ஆட்டுக்கடாக்களின் மயிரும் என்ற கப்பம் திரும்பி வரவில்லை. கல்வெட்டோ மெய்க்கீர்த்தி, தோல்வியை அதில் தேடக்கூடாது. ‘இஸ்ரவேல் என்றைக்கும் அழிந்தது’ என்பதும் அந்த நடையின் சொல்தான்.

பதில் 3: பெத்லகேம்_வாசல்

மூன்றாவதற்கு வருகிறேன். முதலில் ஒரு தவறான விளக்கத்தை நீக்கிவிடுவோம். ‘தாவீது பத்தாம் தலைமுறை, அதனால் தடை தீர்ந்தது’ என்று சொல்வார்கள். ரூத் 4:18-22-இல் பத்து வருவது பாரேஸிலிருந்து எண்ணினால். ரூத்திலிருந்து எண்ணினால் ஓபேத், ஈசாய், தாவீது, மூன்றுதான். உபாகமம் 23:6 ‘என்றைக்கும்’ என்று சேர்ப்பதால் பத்து என்பது தீரும் கணக்கும் அல்ல.

வசனம் தடுப்பது ‘கர்த்தருடைய சபைக்கு உட்படுவதை’. திருமணத் தடை உபாகமம் 7:1-3-இல் இருக்கிறது. அங்குள்ள ஏழு ஜாதிகளில் மோவாப் இல்லை. அடுத்து, 23:4 சொல்லும் காரணம்: அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொண்டு வராதது, பிலேயாமுக்குக் கூலி பேசியது. மோவாபியனுக்குத்தான் தடை, மோவாபியப் பெண்ணுக்கு இல்லை என்று யூத சட்டத் தொகுப்பான மிஷ்னா (யெவாமோத் 8:3) தீர்க்கிறது. வழிப்போக்கரை எதிர்கொள்வது ஆண்களின் கடமை என்ற காரணத்தை மிஷ்னாவை விளக்கும் தல்மூத் தருகிறது.

ஆனால் இந்தத் தீர்ப்பை எல்லாக் காலத்துக்கும் ஏற்றிச் சொல்ல முடியாது. நெகேமியா 13:1-இல் இதே சட்டத்தை வாசித்துவிட்டு, 23-25 வசனங்களில் மோவாபியப் பெண்களை மணந்தவர்களைக் கடிந்துகொள்கிறார். அவருக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ரூத் புத்தகம் அவளை ‘மோவாபிய’ என்று திரும்பத் திரும்ப அழைத்தே தாவீதின் கொள்ளுப்பாட்டியாக முடிக்கிறது, எதையும் மறைக்கவில்லை. அப்பம் தராத ஜனத்தின் பெண், தான் பொறுக்கிய கதிரிலிருந்து மாமியார் நகோமிக்கு உணவு கொண்டுவருகிறாள். சட்டத்தின் காரணத்துக்கு எதிர்முனையில் அவளை நிறுத்தியிருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

வாசிப்பு_மேசை

மிக்க நன்றி. அப்படியானால் உபாகமம் 2:29-இல் ஆரிலிருந்த மோவாபியர் உணவு விற்றார்களே? இன்னொன்று, அந்தக் கல்லில் ‘தாவீதின் வீடு’ இருப்பதாகக் காணொளிகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். வகுப்பில் சொல்லலாமா?

பதில்: சேரேத்_ஓடை

அங்கே பணத்துக்கு விற்றார்கள். 23:4 கேட்பது விருந்தோம்பலை. இரண்டும் மோதவில்லை.

பதில்: கல்லெழுத்து

உறுதி என்று சொல்லாதீர்கள் சகோதரி. 31-ஆம் வரி சிதைந்தது. 1994-இல் ஆய்வாளர் ஆந்த்ரே லெமெர் ஓர் எழுத்தை நிரப்பி ‘தாவீதின் வீடு’ என்று வாசித்தார். 2019-இல் பிங்கெல்ஸ்டைன், நாமான், ரோமர் என்ற ஆய்வாளர் மூவரும் அதே இடத்தில் ‘பாலாக்’ என்ற பெயரை முன்வைத்தார்கள். தாவீதின் வீட்டுக்குக் கல்லாதாரம் காட்ட வேண்டுமானால் 1993-இல் தேல் தாணில் கிடைத்த அரமேயக் கல்லைக் காட்டுங்கள். அங்கே எழுத்துகள் தெளிவு. மேசா கல்லில் ஐயமில்லாமல் வாசிக்கப்படுவது உம்ரி, இஸ்ரவேல், காத், யாவே ஆகிய நான்கும்.