லூப் சேருற இடத்துல ஒரு வெட்டு

கார்த்தி: யாழினிக்கா, நீ போட்டுக் குடுத்த காட்டு லெவல் மியூசிக்க, நம்ம கேம் செய்யுற கோடோ சாஃப்ட்வேர்ல ஏத்திட்டேன். அருமையா இருக்கு. ஆனா முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கும்போதெல்லாம் சின்னதா ஒரு வெட்டு விழுது

கார்த்தி: 🎤 0:38

யாழினி: கேட்டேன். எம்பி3யாவா போட்ட?

கார்த்தி: ஆமா, சைஸ் கம்மியா இருக்கட்டும்னு

யாழினி: அதான் காரணம். எம்பி3 ஆக்கும்போது முன்னாடியும் பின்னாடியும் துளி மௌனம் தானா ஒட்டிக்கும். தனியா கேட்டா தெரியாது, திரும்பத் திரும்ப ஓடுற லூப்ல காட்டிக் குடுத்துடும். மியூசிக்குக்கு ஓஜிஜி ஃபைலா எடு. காலடி, குதிக்கிற சத்தம் மாதிரி குட்டிக் குட்டியா வர்றதுக்கு வேவ் ஃபைல். ஒரே நேரத்துல நெறைய ஓடினாலும் பிராசஸருக்குப் பாரமில்ல

கார்த்தி: மாத்தி, லூப் டிக் போட்டு ரீஇம்போர்ட் குடுத்தேன். வெட்டு போயிடுச்சு! 🙌 ஆனா கடைசில அந்த மணியோசை இழுத்துட்டு இருக்கும்போதே பட்டுனு நின்னுடுதுக்கா

யாழினி: அது ரிவெர்ப் வால்டா, சத்தம் நின்னப்புறமும் நீளுற எதிரொலி. என் பக்கம் சரி பண்றேன். 120 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டு. 4/4, அதாவது ஒரு பாருக்கு நாலு தட்டு. மொத்தம் 16 பார், அப்ப கணக்கா 32 செகண்ட். நான் மியூசிக் எடிட் பண்ற ரீப்பர் சாஃப்ட்வேர்ல அதே 16 பாரை அடுத்தடுத்து ரெண்டு தடவ வெச்சு, ரெண்டாவத மட்டும் ஃபைலா ரெண்டர் எடுப்பேன். முதல் சுத்தோட வால் ரெண்டாவது சுத்தோட தலையில விழுந்திருக்கும். எங்க சேருதுன்னே தெரியாது

கார்த்தி: அப்ப லெவல் தொறந்ததுமே அந்த வால் கேக்குமே?

யாழினி: கேக்கும். அதனால முதல் சுத்தத் தனி ஃபைலா தரேன். அது ஒரு தடவ ஓடி முடிஞ்சதும் லூப்புக்குப் போ

சித்தப்பா: எதிரி கிட்ட வந்தாலும் இதே பாட்டுதான் ஓடுமா? 1978ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல இருந்தது வெறும் நாலு சுரம். எதிரிங்க இறங்க இறங்க அது வேகம் புடிக்கும், ஆடுறவனுக்குக் கை வேர்க்கும். ஆட்டத்தோட சேர்ந்து மாறுற இசைக்குத்தான் உயிர் இருக்கு

யாழினி: சித்தப்பா சொல்றதுதான் எனக்கும் ஆசை. கார்த்தி, உன்னோடது கோடோ எந்த வெர்ஷன்?

கார்த்தி: 4.3

யாழினி: அப்ப எஃப்மாட், வைஸ் மாதிரி தனி ஆடியோ சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படாது. பேட் (பின்னணில நீண்டு ஒலிக்கிற சத்தம்), புல்லாங்குழல், டிரம்ஸ் மூணையும் ஒரே நீளத்துல தனித்தனி ஓஜிஜியா தரேன். கோடோலயே ஆடியோஸ்ட்ரீம்சிங்க்ரனைஸ்டுனு ஒண்ணு இருக்கு, மூணையும் அதுல போடு. மூணும் ஒண்ணாவே ஆரம்பிக்கணும், அது முக்கியம். டிரம்ஸ் மைனஸ் 60 டெசிபல்ல சத்தமில்லாம ஓடிட்டே இருக்கட்டும். எதிரி பார்த்ததும் ஒரு செகண்ட்ல மேல கொண்டு வா. அப்பவே ஸ்டார்ட் பண்ணினா தாளம் தப்பிடும்

கார்த்தி: பெரிய எதிரியோட வர்ற பாஸ் சண்டைக்கு வேற பாட்டே இருக்கே, அதுக்கும் இதேவா?

யாழினி: இல்ல, அதுக்கு ஆடியோஸ்ட்ரீம்இன்டராக்டிவ். "அடுத்த பார்"ல மாறச் சொல்லி வெச்சா, பாதி தாளத்துல வெட்டாம பார் முடிஞ்சு மாறும். 120ல ஒரு பார் 2 செகண்ட், அந்தக் காத்திருப்பு உறுத்தாது

அத்தை: நேத்து அனுப்புனத போன்ல ஆடிப் பார்த்தேன் கண்ணு. டிரம்ஸ் இருக்குங்கறீங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலையே

யாழினி: ரொம்ப நல்லதாச் சொன்னீங்க அத்தை. போன் ஸ்பீக்கர் சின்னது, ஆழமான அடி ஓசைய அதால தரவே முடியாது. நான் ஹெட்போன்லயே மிக்ஸ் பண்ணிட்டிருந்தேன். டிரம்ஸ்ல கொஞ்சம் சாச்சுரேஷன் ஏத்துறேன், அது சத்தத்த லேசா சிதைச்சு மேல் ஓசைகளக் கூட்டும். அந்த மேல் ஓசைகள் (ஹார்மோனிக்ஸ்) வந்துட்டா, அடி ஓசை இல்லாட்டியும் காது அத இருக்கறதா எடுத்துக்கும்

அத்தை: சரிம்மா. அந்த நடக்கிற சத்தமும் டக் டக்னு ஒரே மாதிரி இருக்கு

கார்த்தி: அது என் வேலை அத்தை. நாலஞ்சு சத்தத்த, மாத்தி மாத்தி எடுத்து ஓட்டுற ரேண்டமைசர்ல போட்டு, சுருதி கொஞ்சம் கொஞ்சம் மாறுற மாதிரி பண்றேன்

யாழினி: மூணு லேயரும் ராத்திரிக்குள்ள டிரைவ்ல போட்டுடறேன். மியூசிக்குக்கு ஒரு பஸ் (சத்தம் போற தனி வழி), எஃபெக்ட்ஸுக்கு ஒரு பஸ்னு இப்பவே பிரிச்சு வைடா. செட்டிங்ஸ்ல ரெண்டுக்கும் தனித்தனி ஸ்லைடர் குடுக்க அப்பதான் லேசா இருக்கும்

கார்த்தி: 👍 பிரிச்சிட்டு பில்டு போடறேன். அத்தை, நீங்கதான் முதல்ல ஆடணும், போன் ஸ்பீக்கர்லயே