புதுப்பிப்பு: இன்போர்டு படகின் அதிர்வுக்குக் காரணம் தெரிந்தது

எங்கள் இன்போர்டு (இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும்) டீசல் படகு நிமிடத்துக்கு 1,800 சுற்றுகளைத் தாண்டியதும் அதிர்வதாகவும், புரொப்பல்லரைச் சமன்செய்தும் தீரவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். நியூட்ரலில் அதே வேகத்தில் அதிர்வே இல்லாததால், கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால் என்று தெரிந்தது. படகு இரண்டு நாள் மிதந்தபின் (கரையில் எடுத்த அளவை நம்பியதுதான் என் முதல் தவறு) கப்ளிங்கின் (கியர்பாக்ஸையும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான சாஃப்டையும் இணைக்கும் இரு தட்டுகள்) போல்ட்டுகளைக் கழற்றி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அந்தத் தட்டுகளுக்கு இடையிலான இடைவெளியை அளந்தேன். 4 அங்குல விட்டமுள்ள கப்ளிங்குக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. வேறுபாடு வரை பொறுக்கலாம். இங்கோ மேற்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கம் 0.45 மி.மீ. கூடுதலாக அகன்றிருந்தது. சாஃப்டைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும் அகன்ற இடைவெளி கீழேயே நின்றதால், சாஃப்ட் வளையவில்லை, இன்ஜினின் பின்பகுதியே இறங்கியிருக்கிறது என்று உறுதியானது. இன்ஜினைத் தாங்கும் பின் மவுண்டுகளின் ரப்பர் எண்ணெயில் ஊறி அமுங்கியிருந்தது. அவற்றை மாற்றி, வேறுபாட்டை 0.08 மி.மீ.க்குக் குறைத்தபின், 2,400 சுற்றிலும் படகு அமைதியாக ஓடுகிறது. புது ரப்பர் சற்றே அமுங்கும் என்பதால், சில வாரங்களில் மறுபடியும் அளப்பேன்.