போராட்டத்தில் கைதான வெளிநாட்டவர்: தூதரகத்தால் என்ன முடியும்?

கடல்காற்று:
2018 ஜூன் 10, வியட்நாமின் ஹோ சி மின் நகரம். சிறப்புப் பொருளாதார மண்டல மசோதாவையும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் எதிர்த்த கூட்டத்தில் அமெரிக்கக் குடிமகன் வில் நுயென் பிடிபட்டார். தலையில் ரத்தம் வழிய, தரையோடு இழுத்துச் செல்லும் காணொளி பரவியது. ஆனாலும் ஜூலை 20 வரை காவலில்தான் இருந்தார். அமெரிக்கத் தூதரகத்தால் ஏன் உடனே மீட்க முடியவில்லை? இப்படி நடந்தால் குடும்பத்தார் முதலில் செய்ய வேண்டியது என்ன?

வழக்குமன்றம்:
மீட்பது தூதரகத்தின் அதிகாரத்திலேயே இல்லை. துணைத்தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தருவது மூன்றுதான்: தகவல், சந்திப்பு, வழக்கறிஞர் ஏற்பாடு. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019ல் பாகிஸ்தான் மீறியதாகச் சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் இதே பிரிவைத்தான்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லி கைதானவர் கேட்டால்தான் அந்தப் பிரிவின்படி போலீஸ் சொல்லியாக வேண்டும். அந்த உரிமை இருப்பதை அவரிடம் தெரிவிப்பதும் போலீஸின் கடமை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தூதரகத்தின் இரவு நேர அவசர எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுத்துகள், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடமும் நேரமும், சாப்பிடும் மருந்துகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

வியட்நாமுடன் அமெரிக்காவுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது: 96 மணி நேரத்துக்குள் சந்திக்க விட வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வியட்நாம் பாஸ்போர்ட்டில் நுழைந்திருந்தால், "இவர் எங்கள் ஆள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இன்னொன்று: கைதானவர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அதிகாரிகள் அவருடைய பெற்றோரிடம்கூட விவரம் சொல்ல மாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே அதை வாங்கச் சொல்லுங்கள்.

நெய்தல்:
அடிபட்டவர் என்றால் சந்திப்பு தள்ளிப்போகவே கூடாது. கன்றிய காயம் நாலைந்து நாளில் நிறம் மாறி மங்கத் தொடங்கும், பிறகு எதைக் காட்டுவது? காவலர் பக்கத்தில் நிற்கும்போது "நலமா?" என்று கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். "தையல் போட்டார்களா, தலைக்கு ஸ்கேன் எடுத்தார்களா, வாந்தி வந்ததா" என்று கேட்கும்படி அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியே வந்த அன்றே காயத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும். சித்திரவதையை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறை தெரிந்த மருத்துவர் கிடைத்தால் மிக நல்லது.

காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேர விவரமும் போய்விடும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையே வாங்குங்கள்.

கடல்காற்று:
வில் நுயென் வருத்தம் தெரிவிப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்களே? அதற்குப் பிறகு முறையிட்டால் எடுபடுமா?

வழக்குமன்றம்:
எடுபடும். காவலில் இருப்பவர் கேமரா முன் சொன்னதைச் சுதந்திரமான வாக்குமூலமாக ஏற்கவே கூடாது. வியட்நாம் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 2015ல் ஏற்ற நாடு. நியாயமின்றிக் காவலில் வைப்பதை விசாரிக்கும் ஐ.நா.வின் தன்னிச்சைக் காவல் பணிக்குழுவுக்குக் குடும்பமே நேரடியாக எழுதலாம். உள்ளூர் நீதிமன்றங்களில் எல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் என்ற நிபந்தனை கிடையாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் "அவசர முறையீடு" என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.