ஒரே ரூம்ல எக்சர்சைஸ், ரிலாக்ஸ் ரெண்டுக்கும் எப்படி செட் பண்றது?

கேள்வி: பத்துக்கு பத்து ரூம் ஒண்ணு காலியா இருக்கு, காலைல எக்சர்சைஸ், ராத்திரி மூச்சுப்பயிற்சி பண்ணிட்டு கொஞ்ச நேரம் அமைதியா உக்காரணும்னு ஆசை. இருக்கறது ஒரே ஒரு டியூப்லைட், கண்ணு கூசுது. தரை டைல்ஸ், கீழ் வீட்ல ஆள் இருக்காங்க, குதிக்கவே தயக்கமா இருக்கு. ஐடியா சொல்லுங்க.

பதில் 1: மொதல்ல லைட்டை கவனிங்க, மத்ததெல்லாம் அப்புறம். வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு, குறைஞ்சா மஞ்சளா இருக்கும்), காலைல சுறுசுறுப்புக்கு அது ஓகே, ஆனா ராத்திரி அந்த வெளிச்சம் தூக்கம் வரவைக்கற மெலடோனின் ஹார்மோன் சுரக்கறதைத் தள்ளிப்போட்டு தூக்கத்தைக் கெடுக்கும். 2700 கெல்வின் வார்ம் பல்பு ஒண்ணு வாங்கி, சுவத்தைப் பாத்து திருப்பி, தரையோரமா வைங்க. மல்லாக்கப் படுத்து சவாசனம் பண்றப்போ சீலிங் லைட் நேரா கண்ணுலதான் அடிக்கும், அதனாலதான் சொல்றேன்.

பதில் 2: லைட் விஷயம் நூத்துக்கு நூறு சரி. மேட் பத்தி நான் சொல்றேன், யோகாவுக்கு 4லருந்து 6 மில்லிமீட்டர் போதும், ரொம்ப தடியா வாங்கினா ஒத்தக்கால்ல நிக்கறப்போ ஆடும். ஆனா எந்த யோகா மேட்டும் குதிக்கற அதிர்வு கீழ போறதை நிறுத்தாது, ஒண்ணோட ஒண்ணு கோர்க்கற தடி ரப்பர் டைல்ஸ் போட்டா ஓரளவு குறையும், கை கால் விரிச்சு குதிக்கற ஜம்பிங் ஜாக்குக்கு பதிலா ஸ்குவாட் (உக்காந்து எந்திரிக்கறது), லஞ்ச் (ஒரு கால் முன்னாடி வச்சு முட்டியை மடக்கறது) பண்ணுங்க.

பதில் 3: டம்பெல், எக்சர்சைஸுக்கு இழுக்கற ரப்பர் பேண்ட் எல்லாம் மூடி போட்ட பெட்டில போட்டுடுங்க ப்ரோ, கண்ணுல படாம இருந்தாலே மனசு அடங்கும். சார்ஜர் பாயிண்ட்டை வெளிய மாத்திடுங்க, ஃபோன் தானா வெளியவே இருக்கும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி, பல்பு இன்னைக்கே வாங்கறேன். கண்ணாடி மாட்டலாமா?

பதில் 2: மாட்டுங்க, எக்சர்சைஸ் பண்றப்போ உடம்பு சரியான நிலையில இருக்கான்னு பாக்க உதவும். ராத்திரி உக்கார்ற பக்கத்துக்கு எதிர்ல மட்டும் வேணாம்.