ரேஸ் ஓட்டுநர் எழுதிய வாழ்க்கைக் கதை: தம்பிக்கு எது வாங்கலாம்?

பந்திங் அக்கா:
வணக்கம். தம்பிக்கு 18 வயது. எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு மலேசியாவில், பந்திங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் நிற்கிறான். இருட்டினால் கூட்டாளிகளோடு தோட்டத்துச் செம்மண் சாலையில் எல்சி மோட்டார் சைக்கிளை விரட்டுவதுதான் வேலை. போன மாதம் முட்டி, முழங்கை எல்லாம் தேய்ந்து வந்தான். அம்மா அழுதாலும் காதில் ஏறவில்லை. ஆனால் எஃப் ஒன் கார் பந்தயம் என்றால் நடுராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து உட்கார்ந்து பார்ப்பான். பள்ளிப் புத்தகம் தவிர வேறு எதையும் தொட்டதில்லை, ஆங்கிலம் சுமார்தான். நிஜ ரேஸ் ஓட்டுநர் ஒருவர் தன் கதையைத் தானே சொன்ன மாதிரி ஒரு புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம். முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவான்.

குலை லோரி:
தங்கச்சி, நான் 22 வருடமாகச் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். மில்லில் எடை போட வரிசை நின்றால் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. நான் படித்ததெல்லாம் அந்த வரிசையில்தான். எஃப் ஒன் ஓட்டுநர் நிக்கி லாவ்டா தன் கதையைச் சொல்லும் 'டு ஹெல் அண்ட் பேக்' வாங்கிக் கொடு. என் பிரதியில் பாதிப் பக்கங்களில் செம்பனை எண்ணெய்க் கறை, இல்லாவிட்டால் அதையே கொடுத்துவிடுவேன்.

1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாவது சுற்றில் லாவ்டாவின் ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் நான்கு பேர் காடியை (காரை) நிறுத்திவிட்டு ஓடிப்போய் இழுத்து வெளியே போட்டார்கள். முகம் வெந்து, நுரையீரலில் நச்சுப்புகை. ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனையே சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் ஆறு வாரத்தில் மோன்சாவில் கட்டுப் போட்ட தலையோடு ஓட்டி நான்காவதாக வந்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். உன் தம்பிக்கும் தெரிந்திருக்கும். பயத்தை வென்றுவிட்டேன் என்று அப்போது வெளியே சொன்னாரே, அது பொய் என்று புத்தகத்தில் அவரே எழுதுகிறார். மோன்சாவில் பயத்தில் விறைத்துப் போயிருந்தாராம். போட்டியாளர்களுக்குத் தெரிந்தால் ஏறி மிதித்துவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்.

அப்புறம் அதே வருடம் ஜப்பான், ஃபூஜி. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான கடைசிப் பந்தயம், கொட்டுகிற மழை. இரண்டு சுற்றில் காடியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் ஃபெராரியின் பொறியாளர். வேண்டாம், நானாகத்தான் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டார் இவர். பட்டம் ஒரே ஒரு புள்ளியில் போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது.

அந்த இடத்தைப் படித்தபோது லோரி வரிசை நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். காரணம் சொல்கிறேன். ஒரு மழை நாள், முழுப் பாரத்தோடு தோட்டத்து மேட்டிலிருந்து இறங்க வேண்டும். சாலை களியாகிக் கிடந்தது. உச்சியிலேயே நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர், வந்து கத்தினார். "பிரேக் சரியில்லை" என்றேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

தாப்பா டீச்சர்:
அண்ணே, புத்தகம் நல்லதுதான். ஆனால் இந்தக் காலத்துப் பையனுக்கு 1976 தூரம். எஃப் ஒன் ஓட்டுநர் மார்க் வெப்பர் தன் கதையைச் சொல்லும் 'ஆஸி கிரிட்' கொடுத்தால் நம் செப்பாங் பந்தயத் தடமே உள்ளே வந்துவிடும். பந்திங்கிலிருந்து செப்பாங் என்ன தூரம்? 2013இல் அப்பாவோடு அங்கே புல்மேட்டில் நெகிழிப் பாய் விரித்து, நாசி லெமாக் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெப்பர் முன்னால், அதே ரெட்புல் அணியின் வெட்டல் பின்னால். 'மல்டி 21' என்றால் 2ஆம் எண் காடி முன்னால், 1ஆம் எண் பின்னால், அப்படியே முடியுங்கள் என்று அணியின் உத்தரவு. வெட்டல் கேட்காமல் முந்தி ஜெயித்துவிட்டார். எங்களுக்கோ ஒன்றும் தெரியாது, நல்ல சண்டை என்று கைதட்டினோம். மேடையில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அப்பாதான் "ஏதோ வீட்டுச் சண்டை போல" என்றார்.

இன்னொன்று: 2002இல் வெப்பர் மினார்டி அணியில் முதல் எஃப் ஒன் பந்தயம் ஓட்டி ஐந்தாவதாக வந்தபோது, அதே அணியில் ஏழாவதாக வந்தவர் நம் மலேசியாவின் அலெக்ஸ் யூங்.

குலை லோரி:
டீச்சர், வெப்பரும் படித்தேன். மனக்குறை கொஞ்சம் அதிகம். நியாயமான குறைதான், ஆனாலும் பையன் அதைப் படித்தால் "என்னையும் யாரும் மதிக்கவில்லை" என்று இன்னும் வேகமாக ஓட்டுவான்! லாவ்டா யாரையும் விடுவதில்லை, தன்னையும் சேர்த்து. வாக்கியமும் வெட்டு வெட்டென்று இருக்கும், சுமாரான ஆங்கிலம் போதும்.

பந்திங் அக்கா:
இரண்டு பேருக்கும் நன்றி. லாவ்டா பழைய பிரதி 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. கையில் கொடுக்கவில்லை, தொலைக்காட்சி பக்கத்தில் சும்மா வைத்தேன். நான்கு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போகும்போது பையில் எடுத்துப் போயிருக்கிறான், அட்டையில் கிரீஸ் விரல் அச்சு. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது அவனாகவே கேட்டான்: "ரெண்டு சுத்துல நிறுத்துனதுக்கு ஃபெராரிக்காரன் சும்மா விட்டானா அக்கா?" எனக்கு எங்கே தெரியும்?

குலை லோரி:
சும்மா விடவில்லை. அடுத்த வருடம், 1977இல், லாவ்டா அவர்களுக்கே பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு பந்தயம் மீதி இருக்கும்போதே கிளம்பிவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அவனே படிக்கட்டும்.