வரிச் சட்டத்துக்குக் கிளினிக் நல்ல வகுப்பறையா?

எழிலன்:
அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சிலவற்றில் பேராசிரியர்கள், குறைந்த வருமானம் உள்ளோருக்கான வரி கிளினிக்கில் (வரித் தகராறுகளில் சட்ட உதவி தரும் மையத்தில்) மாணவர்களை உண்மையான கட்சிக்காரர்களுக்காக வேலை செய்ய வைத்தே வரிச் சட்டம் நடத்துகிறார்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு மானியம் தர வழி செய்தது. இது நல்ல தொண்டு; நல்ல பாடமா என்பதே என் ஐயம். ஒரு பருவத்தில் மாணவர் பார்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கோப்புகள். கூட்டாண்மையையும் நிறுவன இணைப்பையும் அவர் எங்கே கற்பார்?

மங்கை:
அத்தகைய கிளினிக் ஒன்றில் நான் மாணவியாக இருந்தேன். உழைக்கும் ஏழைகளுக்கான வரிச் சலுகையை, பேரனை வளர்க்கும் ஒரு பாட்டிக்கு வரித்துறை மறுத்திருந்தது. பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் உடன் வசித்திருக்க வேண்டும் என்பது பாடநூலில் ஒரே வரி. பாட்டி கொண்டுவந்த பள்ளிக் கடிதமோ ஆகஸ்டில் தொடங்கியது. வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், முந்தைய கல்வியாண்டின் கடிதமும் இல்லாமல் கணக்கு நிறையவில்லை. "எந்தக் காகிதம் எந்த மாதத்தைச் சொல்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேராசிரியர் போய்விட்டார். வரி நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கான 90 நாள், வரித்துறையின் அறிவிப்பு அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஓடுகிறதே தவிர, பாட்டி உறையைப் பிரித்த தேதியிலிருந்து அல்ல என்பதும் நாட்காட்டியில் எண்ணியபோதுதான் உறைத்தது.

எழிலன்:
மங்கை அவர்களே, அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டவர் தேர்ந்த வழக்கறிஞர், கற்றுக்குட்டி அல்ல. நீனா ஓல்சன் என்ற வரி வழக்கறிஞர் 1992-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் தொடங்கிய வரி உதவி மையம் எந்தக் கல்லூரியையும் சாராதது. மானியம் முழுவதையும் அத்தகைய மையங்களுக்கே கொடுக்கலாமே.

மங்கை:
கற்றுக்குட்டி என்பதை ஏற்கிறேன். பேராசிரியர் திருத்தாமல் எங்கள் கடிதம் எதுவும் வெளியே போனதில்லை. மூன்று முறை திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் இங்கே வருவோரில் பெரும்பாலோர், வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல் இரண்டரை மடங்குக்குள் சம்பாதிப்பவர்கள். வழக்கில் மீளும் தொகையைவிடக் கட்டணம் கூடிவிடும் கோப்பை எந்த வழக்கறிஞர் அலுவலகம் விரும்பி எடுக்கும்? கூட்டாண்மைச் சட்டத்தைப் பிறகு வகுப்பில்தான் படித்தேன், அதை மறுக்கவில்லை.

எழிலன்:
அடிப்படை வரிப் பாடத்தில் தேறியவர்களை மட்டும் சேர்ப்பதென்றால் என் எதிர்ப்பில் பாதி குறையும். மீதிப் பாதி, பருவம் முடிந்தும் முடியாத கோப்பைப் பற்றியது.

மங்கை:
பாட்டியின் கோப்பும் அப்படித்தான் கைமாறியது. மாதவாரியாகக் காகிதங்களை அடுக்கி, மார்ச்சுக்கு மட்டும் சான்று இல்லை என்று மேலே எழுதி வைத்துவிட்டு வந்தேன்; அடுத்த மாணவர் மருத்துவமனைச் சீட்டில் அந்த மார்ச்சைக் கண்டுபிடித்தார்.